மதிய உணவுத் தொகுப்புச் சலுகை: முகப்பில் 24 வெள்ளி வந்தது எப்படி?

செந்தூல்வாசி

அனைவருக்கும் வணக்கம். கோலாலம்பூரில் என் அலுவலகத்துக்குக் கீழ்த்தளத்தில் ஒரு பேரங்காடி இருக்கிறது. பெயர் வேண்டாம், நாளையும் அங்கேதான் சாப்பாடு வாங்க வேண்டும். உணவு ஒன்று, கொறிப்பு ஒன்று, பானம் ஒன்று, எதை எடுத்தாலும் மூன்றும் சேர்ந்து 9.90 வெள்ளி (ரிங்கிட்) என்று அங்கே ஒரு மதியச் சலுகை நடக்கிறது.

நேற்று எனக்கும் பக்கத்து மேசைத் தோழிக்குமாகச் சேர்த்து வாங்கினேன். கோழி சாண்ட்விச் 6.90, நாசி லெமாக் 5.50, உருளைக்கிழங்கு வறுவல் 3.20, வாழைப்பழக் கேக் 2.80, மாம்பழச்சாறு 4.20, சோயா பால் 2.90. இவை ஆறும் இரண்டு தொகுப்புகள். அவற்றோடு தனியாக ஒரு தண்ணீர்ப் போத்தல், 1.50. இரண்டு தொகுப்புக்கு 19.80, தண்ணீரோடு 21.30 என்று மனக்கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ரசீதில் 24.00 என்று வந்தது. எல்லாப் பொருளும் முழு விலையில் அச்சாகி, அடியில் 1.70 என்றும் 1.30 என்றும் இரண்டு கழிவுகள் மட்டுமே இருந்தன. காசாளரிடம் கேட்டதற்கு, கணினி அப்படித்தான் கணக்கிடுகிறது என்றார். பின்னால் வரிசை நீண்டிருந்ததால் மேற்கொண்டு பேசாமல் வந்துவிட்டேன்.

மாலையில் கேக்கைப் பிரித்தால் அடியில் பூஞ்சணம். வாடிக்கையாளர் சேவை முகப்பில் மறுப்பேதும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் என் அட்டைக்குத் திரும்பி வந்தது 2.48. கேக்கின் விலை 2.80 என்று அவர்களுடைய ரசீதே சொல்கிறதே? முப்பத்திரண்டு சென்னுக்காக நான் சண்டை போடப் போவதில்லை. இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன என்பது தெரிந்தால் போதும்.

பழைய விலைப்பிரிவு

சகோதரி, பினாங்கில் ஒரு பெரிய பேரங்காடியின் விலைப்பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் ரசீதில் உள்ள இரண்டு கழிவுகளை வைத்தே நடந்ததைக் கண்டுபிடித்துவிடலாம். தண்ணீர்ப் போத்தலை நீங்கள் முதலில் மேசையில் வைத்தீர்கள், மாம்பழச்சாற்றைக் கடைசியில் வைத்தீர்கள், சரிதானே?

நீங்கள் கையில் எடுத்தது தொகுப்பு. முகப்பு இயந்திரத்துக்குத் தெரிந்தது ஏழு பட்டைக்குறிகள் (பார்கோடு). சலுகை ஒன்றைப் பதிவு செய்யும்போது நாங்கள் மூன்று பட்டியல்களைத் தயாரிப்போம்: உணவுக் குறிகள், கொறிப்புக் குறிகள், பானக் குறிகள். ஒவ்வொரு பட்டியலிலிருந்தும் ஒன்று வந்ததும் இயந்திரம் அந்த மூன்றையும் கட்டிப்போட்டு, அவற்றின் மொத்தத்துக்கும் 9.90க்கும் உள்ள வித்தியாசத்தைக் கழித்துவிடும். தண்ணீரைத் தனியாக வாங்குகிறோம் என்று நீங்கள் நினைத்தீர்கள். தண்ணீரும் பானப் பட்டியலில் இருந்தது. அது முந்திக்கொண்டு சாண்ட்விச்சோடும் வறுவலோடும் சேர்ந்துவிட்டது. 6.90, 3.20, 1.50 ஆகியவற்றைக் கூட்டினால் 11.60. அதிலிருந்து 9.90 போனால் 1.70, அதுதான் உங்கள் முதல் கழிவு. அடுத்து நாசி லெமாக், கேக், சோயா பால் மூன்றும் சேர்ந்து 11.20, கழிவு 1.30. உணவும் கொறிப்பும் தீர்ந்த பிறகு துணையில்லாமல் நின்ற மாம்பழச்சாறு முழு விலையான 4.20க்குப் போயிற்று. 19.80 உடன் 4.20 சேர்ந்தால் 24.00.

நீங்கள் எதிர்பார்த்தது போல மாம்பழச்சாறு சாண்ட்விச்சோடு சேர்ந்திருந்தால் அந்தத் தொகுப்பின் கழிவு மட்டும் 4.40 ஆகியிருக்கும். ஆகவே நீங்கள் இழந்த 2.70 என்பது சாற்றுக்கும் தண்ணீருக்கும் உள்ள விலை வித்தியாசமே.

எல்லாக் கடைகளிலும் இப்படி நடக்காது. வாடிக்கையாளர் மொத்தம் என்று சொன்ன பிறகு எல்லாச் சேர்க்கைகளையும் போட்டுப் பார்த்து, அவருக்கு அதிக இலாபம் தருவதைத் தேர்ந்தெடுக்கும் முறையும் உண்டு. வருடிய வரிசையிலேயே கட்டிப்போடும் முறையும் உண்டு. ஒரே மென்பொருளில் இரண்டையும் வைத்திருப்பார்கள். எது வேண்டும் என்று முடிவு செய்வது கடை நிர்வாகம். காசாளருக்கு இதைப் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. அவரை நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் கணினி அப்படித்தான் என்று நிர்வாகமே சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி அந்த 2.48. கழிவு ரசீதின் அடியில் தனி வரியாக அச்சானாலும், உள்ளுக்குள் அது தொகுப்பின் மூன்று பொருள்களுக்கும் விலை விகிதப்படி பிரித்து எழுதப்படுகிறது. 11.20இல் 2.80 என்பது சரியாகக் கால் பங்கு. 9.90இல் கால் பங்கு 2.475, முழுமைப்படுத்தினால் 2.48. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அந்தக் கேக்குக்குக் கொடுத்த பணம் அவ்வளவுதான். இதைவிடக் கடுமையான முறை ஒன்றும் இருக்கிறது. கேக் திரும்பியதும் தொகுப்பு உடைந்தது என்று கருதி, மீதமுள்ள நாசி லெமாக்குக்கும் சோயா பாலுக்கும் முழு விலையான 8.40ஐ எடுத்துக்கொண்டு, 1.50 மட்டும் தருவார்கள். மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்கு அது பொருந்தலாம். பூஞ்சணம் பிடித்த பொருளைக் கொடுத்துவிட்டு அப்படிச் செய்வது அநியாயம். என்னைக் கேட்டால், நீங்கள் பணம் வாங்காமல் வேறு கேக் கேட்டிருக்க வேண்டும்.

கணக்குப்பிள்ளை

விகிதப்படி பிரிப்பதற்கு வரியும் ஒரு காரணம் என்பதைச் சேர்த்துக்கொள்கிறேன். 2015 ஏப்ரல் 1 முதல் 2018 மே மாதம் வரை இங்கே 6 விழுக்காடு பொருள் சேவை வரி இருந்த காலம் நினைவிருக்கும். அரிசிக்கு வரி விகிதம் பூஜ்யம், சாஸ் போத்தலுக்கு 6 விழுக்காடு. இரண்டையும் சேர்த்துக் கட்டி ஒரே விலைக்கு விற்றால், அந்த விலையில் எவ்வளவு அரிசிக்கு, எவ்வளவு சாஸுக்கு என்று பிரிக்காமல் வரிக்கணக்கு எழுத முடியாது. 2018 செப்டம்பரில் விற்பனை வரி திரும்பிய பிறகு அந்தத் தலைவலி பேரங்காடி முகப்பை விட்டுப் போயிற்று. அது உற்பத்தியாளர் நிலையிலோ இறக்குமதியிலோ ஒரே முறை விதிக்கப்படுவதால் மளிகை ரசீதில் தனி வரியாகத் தெரிவதில்லை.

இந்தத் தொகுப்பு வியாபாரம் கொடிகட்டிப் பறக்கும் பிரிட்டனில் இன்றும் அதே பிரச்சினை உண்டு. கடையிலிருந்து எடுத்துச் செல்லும் குளிர்ந்த சாண்ட்விச்சுக்கு அங்கே வரி விகிதம் பூஜ்யம். வறுவலுக்கும் குளிர்பானத்துக்கும் 20 விழுக்காடு. எனவே ஒவ்வொரு மதியத் தொகுப்பின் விலையையும் பிரித்துத்தான் கணக்கில் எழுத வேண்டும். நான் அங்கே படித்த காலத்தில் டெஸ்கோ பேரங்காடியின் மதியத் தொகுப்பு 3 பவுண்டு. 2022 அக்டோபரில் உறுப்பினர் அட்டை உள்ளவருக்கு 3.40, இல்லாதவருக்கு 3.90 என்று ஆக்கினார்கள். தண்ணீரை எடுப்பவனை அங்குள்ள மாணவர்கள் ஏமாளி என்று கேலி செய்வார்கள். விலை உயர்ந்த பழக்கூழைத்தான் எடுக்க வேண்டும் என்பது எழுதப்படாத சட்டம். செந்தூல்வாசியின் ரசீதைப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் ஞாயம் இருக்கிறது.

ஜெலுத்தோங்

எனக்கு இது தற்செயல் என்று தோன்றவில்லை. எந்தப் பானமானாலும் சரி என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டு, விலை குறைந்த பானத்தைத் தொகுப்பில் சேர்த்துக்கொள்வது ஏமாற்று வேலை இல்லையா? பயனீட்டாளர் சட்டம் எதற்கு இருக்கிறது?

வழக்குக்கட்டு

சட்டம் இருக்கிறது, ஐயா; ஆனால் அது எங்கே கடிக்கும், எங்கே கடிக்காது என்று பார்க்க வேண்டும்.

அடுக்கில் ஒட்டியிருக்கும் விலை, ஒப்பந்தச் சட்டத்தின் பார்வையில், கடை உங்களுக்குக் கொடுத்த வாக்கு ஆகாது. வந்து கேளுங்கள் என்ற அழைப்பு மட்டுமே. பொருளை முகப்பில் வைக்கும்போது நீங்கள்தான் வாங்க முன்வருகிறீர்கள். காசாளர் ஏற்றுக்கொள்ளும்போதுதான் ஒப்பந்தம் உருவாகிறது. 1953இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் இப்படித் தீர்ப்பளித்தது. இங்கே சட்டம் படிப்பவர்களும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். ஆகவே அடுக்கில் ஒரு விலை எழுதியிருந்தது, அந்த விலைக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று ஒப்பந்தத்தின் பெயரால் வற்புறுத்த முடியாது.

அதற்காகக் கடைக்காரர் எதை வேண்டுமானாலும் எழுதி ஒட்டலாம் என்று பொருளல்ல. 1999 ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விலையைப் பற்றித் தவறான எண்ணத்தை உண்டாக்கும் அறிவிப்பைக் குற்றமாக்குகிறது. அறிவிப்பு வைத்தபோது சரியாக இருந்து, பிறகு தவறாகிப் போனாலும், அதை வாடிக்கையாளர் நம்பிவிடாதபடி கடை நியாயமான நடவடிக்கை எடுக்காவிட்டால் அதுவும் குற்றமே. முடிந்துபோன சலுகையின் சீட்டை அடுக்கிலிருந்து எடுக்காமல் விடுவது இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணினியில் விலை இரவோடு இரவாக மாறிவிடும், சீட்டை மாற்ற மனிதன் நடந்து போக வேண்டும். முகப்புத் தகராறுகளில் நான் கண்டவற்றுள் பெரும்பாலானவை இந்த இடைவெளியில் பிறந்தவை.

செந்தூல்வாசி அம்மாவின் வழக்கு அவ்வளவு தெளிவானதல்ல. தொகுப்பு 9.90 என்றார்கள், இரண்டு தொகுப்பையும் 9.90க்கே கொடுத்திருக்கிறார்கள். எந்தப் பானம் எந்தத் தொகுப்பில் சேரும் என்று அறிவிப்பில் சொல்லவில்லை. அந்த மௌனம் தவறான எண்ணத்தை உண்டாக்குகிறது என்று வாதிடலாம். வெற்றி பெறும் என்று உறுதி சொல்ல மாட்டேன். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதியக் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கோரலாம் என்றாலும், 2.70க்கு 5 வெள்ளி கட்டுவதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அறிவிப்பையும் ரசீதையும் படம் எடுத்து வைத்துக்கொண்டு கடை மேலாளரிடம் பேசுங்கள். சரிவராவிட்டால் உள்நாட்டு வாணிப அமைச்சில் புகார் கொடுங்கள். பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் நாடலாம்.

கேக் வேறு கதை. தரம் இல்லாத பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை சலுகையால் குறைந்துவிடாது. பழைய விலைப்பிரிவு சொன்னதுபோல் மாற்றுக் கேக் கேட்டிருக்கலாம்.

ஜெலுத்தோங்

விளக்கத்துக்கு நன்றி. என் கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. மாலையில் விலையைக் குறைத்து மஞ்சள் சீட்டு ஒட்டிய பொருளை எடுத்தால் தொகுப்புச் சலுகை கிடைப்பதே இல்லை. அதற்கும் இதே காரணமா? மேலும், ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அந்த 2.48 எவ்வளவு ஆகியிருக்கும்?

பழைய விலைப்பிரிவு

மஞ்சள் சீட்டில் அச்சாவது புதிய பட்டைக்குறி. உற்பத்தியாளர் போட்ட குறி மலேசியாவில் பெரும்பாலும் 955 என்று தொடங்கும்; கடைக்குள்ளேயே அச்சடிக்கும் குறி 2 என்ற எண்ணில் தொடங்கும், அதற்குள்ளேயே குறைத்த விலையோ எடையோ அடங்கியிருக்கும். சலுகைப் பட்டியலில் நாங்கள் சேர்த்தது 955இல் தொடங்கும் குறியைத்தான். ஆகவே மஞ்சள் சீட்டு ஒட்டிய சாண்ட்விச்சை இயந்திரம் சாண்ட்விச்சாகவே பார்ப்பதில்லை. ஒரே சாறு, ஒரே நிறுவனம், போத்தல் மட்டும் பெரியது என்றாலும் இதே நிலைதான். அளவு மாறினால் குறி மாறும், பட்டியலில் அது இல்லையென்றால் சலுகை இல்லை.

ரொக்கத்தைப் பற்றி: 2008 ஏப்ரல் 1 முதல் ரொக்கத் தொகையை அருகிலுள்ள 5 சென்னுக்குச் சீராக்குகிறார்கள். 1, 2 என்று முடிந்தால் கீழே இறங்கும். 3, 4 என்றால் 5 ஆகும். 6, 7 என்றால் 5க்கு இறங்கும். 8, 9 என்றால் அடுத்த பத்துக்கு ஏறும். மொத்தத் தொகைக்கு மட்டுமே இது பொருந்தும், பொருளுக்குப் பொருள் செய்யக் கூடாது. ரொக்கமாக இருந்தால் 2.50 வந்திருக்கும். அட்டைக்கு இந்தச் சீராக்கல் இல்லாததால் உங்களுக்கு 2.48.

செந்தூல்வாசி

எல்லாருக்கும் மிக்க நன்றி. தண்ணீர்ப் போத்தலை முதலில் வைத்தேனா என்று பழைய விலைப்பிரிவு கேட்டதும் ரசீதை மறுபடி எடுத்துப் பார்த்தேன்; முதல் வரியே தண்ணீர்தான், மாம்பழச்சாறு கடைசி வரியில் இருக்கிறது.

இன்று மதியம் அதே ஏழு பொருள்களை எடுத்துக்கொண்டு போனேன் (தோழி சிரித்தாள்). சாண்ட்விச், வறுவல், மாம்பழச்சாறு என்று முதலில் வைத்து, அடுத்து நாசி லெமாக், கேக், சோயா பால் என்று அடுக்கி, தண்ணீர்ப் போத்தலைக் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்து கடைசியில் கொடுத்தேன். ரசீதில் 4.40 ஒரு கழிவு, 1.30 ஒரு கழிவு; மொத்தம் 21.30. இரண்டு ரசீதுகளையும் சேர்த்துப் பிடித்து மேலாளரிடம் காட்டியபோது அவர் சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நேற்றைய 2.70ஐ என் அட்டைக்குத் திருப்பிவிடச் சொன்னார். சலுகை அமைப்பை மாற்றுவது தலைமையகத்தின் கையில் இருக்கிறதாம். எழுதிப் போடுகிறேன் என்றார். கேக்கை இம்முறை கடையிலேயே பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.