அப்பாவோடு உறைந்த ஏரியில் தூண்டில் போட்டவர்கள் யாராவது உண்டா?

செங்காங்வாசி:
எல்லாருக்கும் வணக்கம். இப்போது சிங்கப்பூரில் இருந்தாலும் நான் சின்ன வயதில் கனடாவின் கால்கரியில் வளர்ந்தவன், அப்பாவுக்கு அங்கே வேலை. குளிர்காலச் சனிக்கிழமைகளில் விடியுமுன்னே எழுப்பி, கேன்மோர் ஊரைத் தாண்டி மலைமேல் இருக்கும் ஸ்ப்ரே லேக்ஸ் நீர்த்தேக்கத்துக்குக் கூட்டிப் போவார். சுமார் 1,700 மீட்டர் உயரம், கடைசிப் பகுதி முழுக்க ஜல்லிப் பாதை, நான் பின் சீட்டில் தூங்கிக்கொண்டே போவேன். இறங்கியதும் மூக்குக்குள் முடி உறைவது தெரியும். அப்பா ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாவைத்தான் கடைசிவரை போட்டார், அங்கே விற்கிற நல்ல தொப்பி எதையும் மதிக்கவில்லை. கையால் சுற்றும் துளைக்கருவியால் ஐஸில் ஓட்டை போடுவார், மேலே வந்து சேரும் ஐஸ் தூளை அள்ளி எறிவது என் வேலை. அதற்கென்று கடையில் ஒரு கரண்டி விற்பார்கள், பார்த்தால் அப்படியே நம் ஜல்லிக்கரண்டி, எதற்குக் காசு என்று அப்பா வீட்டிலிருந்ததையே எடுத்து வந்துவிட்டார். அன்று மாலை அம்மா பஜ்ஜி போட உட்கார்ந்தபோது நடந்ததை இங்கே எழுத முடியாது.

பளபளக்கும் தகட்டுத் தூண்டிலை இறக்கி மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. கிடைத்தால் லேக் டிரவுட் என்கிற ஏரி மீன். ஃபிளாஸ்க்கில் மிளகு ரசம் இருக்கும், அதற்காகவே நான் போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் மகனுக்கு எட்டு வயது. தாத்தாவோடு வீடியோவில் பேசிப் பேசி, ஐஸில் ஓட்டை போட்டே ஆகவேண்டும் என்று நிற்கிறான். கால்கரிக்குக் குடும்பத்தோடு போக இப்போதைக்குக் கட்டாது. டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஜப்பானோ கொரியாவோ சரிவருமா? உங்கள் அப்பா, அம்மாவோடு மீன் பிடித்த கதை இருந்தாலும் எழுதுங்கள், ஐஸ் கட்டாயமில்லை.

பெடோக் ஜெட்டிக்காரன்:
ஐஸ் என்றால் எனக்குத் துருவிய ஐஸில் பாகு ஊற்றித் தரும் ஐஸ் கச்சாங்தான் தெரியும் அண்ணே. என் அப்பா கப்பல் பட்டறையில் ஷிஃப்ட் வேலை, வீட்டில் இருந்தால் தூங்குவார், இல்லாவிட்டால் வேலையில் இருப்பார். மாதத்தில் ஏதாவது ஒரு ராத்திரி இங்கே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் கடலுக்குள் நீளும் படகுத்துறையான பெடோக் ஜெட்டிக்குக் கூட்டிப் போவார். ஒரே நரம்பில் நிறைய முள் கட்டிய சபிக்கி போட்டு ஏற்றி இறக்கினால் செலார், தம்பான் என்று சின்ன மீன்கள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வரும். அவர் வேலையில் என்ன செய்கிறார், யாரோடு சண்டை, ஊரில் தாத்தா நிலம் எப்படிப் போனது, இதெல்லாம் எனக்குத் தெரிந்தது அந்த ஜெட்டியில்தான். எதிரே கடலில் கப்பல் விளக்குகள், இவர் கையில் கோப்பி பாக்கெட், பேச்சு தானாக வரும். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றியதும் நின்றுவிடும்.

பையனை முதலில் இங்கே ஒரு ராத்திரி உட்காரவைத்துப் பாருங்கள். நீர்த்தேக்கம் என்றால் அனுமதித்த இடத்தில் மட்டும்தான், அதுவும் செயற்கை இரைதான், புழு கொண்டுபோகக் கூடாது. மீன் வராத இரண்டு மணி நேரத்தை அவன் தாங்குகிறானா என்று தெரிந்துகொண்டு டிக்கெட் போடுவது புத்திசாலித்தனம்.

முன்னாள் குன்மா அக்கா:
தம்பி, டிசம்பரை மறந்துவிடுங்கள். நான் ஜப்பானில் குன்மா மாநிலத்தில் வேலை பார்த்தவள். அங்கே அகாகி மலைமேல் ஓனுமா ஏரி, 1,300 மீட்டருக்கு மேலே. குளிர்காலத்தில் உறைந்ததும் வகாசகி என்ற குட்டி மீனைப் பிடிக்க விடுவார்கள், ஆனால் ஜனவரி பின்பாதிக்கு முன்னால் ஐஸை நம்ப முடியாது. பக்கத்து ஹருனா ஏரியில் சில வருடம் ஐஸ் போதாமல் திறப்பதே இல்லை. வகாசகி நம் நெத்திலியை விடக் கொஞ்சம் பெரிது, சிவப்புச் சாயம் ஏற்றிய புழுவைக் குட்டி முள்ளில் குத்திப் பிடிப்பார்கள். பிடித்ததை முழுசாக மாவில் தோய்த்துப் பொரித்து, தெம்புரா போட்டுச் சாப்பிடலாம். குழந்தைக்கு இதுதான் பொருத்தம், அடிக்கடி கடிக்கும், அலுக்காது.

கொரியாவில் ஹ்வாச்சியோன் திருவிழா இருக்கிறது, 2003இல் தொடங்கியது, அதுவும் ஜனவரிதான். உறைந்த ஓடையில் மலை டிரவுட்டைக் கொண்டுவந்து விடுகிறார்கள், வரிசையாக ஓட்டை, கூட்டமோ கூட்டம். வெறுங்கையால் மீன் பிடிக்கிற போட்டியும் உண்டு. பையனுக்குப் பிடிக்கும், ஆனால் உங்கள் அப்பாவின் ஏரி அங்கே கிடைக்காது. அங்கே நீங்கள் வரிசையில்தான் நிற்பீர்கள்.

சீனப் புத்தாண்டு விடுமுறையோடு லீவு சேர்த்துக்கொண்டு அகாகிக்குப் போங்கள். கிளம்புமுன் அங்கே திறந்துவிட்டார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பயந்தாங்கொள்ளி:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும், எட்டு வயதுப் பிள்ளையைத் தண்ணீர் மேலே நிறுத்துவதா? உடைந்தால்? அத்தனை குளிரில் மீன் எப்படி உயிரோடு இருக்கிறது?

செங்காங்வாசி:
நியாயமான பயம்தான். தெளிவான, கெட்டியான ஐஸ் 10 செ.மீ. இருந்தால் ஆள் நடக்கலாம் என்பது அங்கே பொதுக்கணக்கு. வெள்ளையாக, பனி கலந்து உறைந்தது அதில் பாதி பலம்தான், அதனால் இரு மடங்கு வேண்டும். அப்பா கரையிலிருந்து போகப்போக ஓட்டை போட்டு அளந்துகொண்டே போவார், நான் பின்னால் தள்ளி நடக்க வேண்டும், பக்கத்தில் வந்தால் திட்டு. ஸ்ப்ரே லேக்ஸ் மின்சாரத்துக்காகத் தண்ணீர் எடுக்கிற தேக்கம், குளிர்காலத்தில் மட்டம் இறங்கும்போது கரையோர ஐஸ் வெடித்துச் சரிந்து கிடக்கும், அங்கே கூடுதல் கவனம்.

மீன் விஷயம்: தண்ணீர் 4 டிகிரியில்தான் அதிகக் கனம், அது அடியில் தங்கிவிடுகிறது, அதைவிடக் குளிர்ந்தது மேலே வந்து உறைகிறது. மீன்கள் கீழே நிம்மதியாக இருக்கும், குறைவாகச் சாப்பிடும், மெதுவாக நகரும். அதனால்தான் தூண்டிலையும் மெதுவாக ஆட்டச் சொல்வார்.

எனக்கும் பயம் இருந்தது, உடைவதைப் பற்றி அல்ல, சத்தத்தைப் பற்றி. வெயில் ஏறினாலும் இறங்கினாலும் ஏரி முழுக்க ஊம் என்று ஒரு முழக்கம் ஓடும், காலடியில் வந்து நிற்கும். தடித்த ஐஸும் இப்படித்தான் சத்தம் போடும், விரிந்து சுருங்குவதால். அப்பாவோ திரும்பிக்கூடப் பார்க்காமல் ரசம் ஊற்றுவார்.

குன்மா அக்கா, ரொம்ப நன்றி, சீனப் புத்தாண்டு யோசனை சரியாக இருக்கிறது. ஜெட்டிக்காரரே, இந்த வாரமே பெடோக் போகிறோம், எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது?

பெடோக் ஜெட்டிக்காரன்:
கோடிவரை போங்கள், ஆனால் மாமாக்கள் நாற்காலி போட்டு வைத்திருக்கும் இடத்தில் மட்டும் உட்காராதீர்கள்.

செங்காங்வாசி:
புரிந்தது. அப்புறம் இன்னொன்று, எட்டு வயதுப் பையன் அளவுக்குப் பனி பூட்ஸ் யாரிடமாவது சும்மா கிடக்கிறதா? ஒரு வாரத்துக்குப் போதும். இங்கே வாங்கினால் அடுத்த வருடமே காலுக்குச் சிறிதாகிவிடும்.