கார்த்தி வரவேற்பு: பூண்டு எண்ணெய் ஜாடி

கௌரி அத்தை: கார்த்தி வரவேற்புக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க, அம்மாவின் சமையல் புத்தகத்தில் இருக்கும் பூண்டு எண்ணெய் செய்யப் போகிறேன். 60 ஜாடி. மூன்று வாரம் இருக்கிறது, நன்றாக ஊறும்.

கௌரி அத்தை: [புகைப்படம்]

ரமா அத்தை: புத்தகம் உன்னிடம்தான் இருக்கிறதா!!

செல்வம் பெரியப்பா: 👍

தீபா: அத்தை, அது மட்டும் வேண்டாம். பச்சைப் பூண்டை எண்ணெயில் மூழ்கவிட்டு அலமாரியில் ஆறு மாதம் வைக்கலாம் என்று போட்டிருக்கிறது. ஆபத்து. பூண்டு மண்ணில் விளைவது. மண்ணில் இருக்கும் போட்டுலினம் கிருமியின் வித்துகள் அதில் ஒட்டியிருக்கும். காற்றுப் படாமல், புளிப்பில்லாமல், அறைச் சூட்டில் கிடந்தால் முளைத்து நஞ்சைக் கக்கும். எண்ணெய்க்குள் இருக்கும் பூண்டுக்கு இந்த மூன்றும் கிடைத்துவிடும்.

செல்வம் பெரியப்பா: அம்மா காலத்தில் யாருக்கு என்ன ஆயிற்று?

தீபா: பாட்டி செய்தால் இரண்டு நாளில் தீர்ந்துவிடும் பெரியப்பா, வீட்டில் அத்தனை பேர். இந்த 60 ஜாடியும் யார் யார் வீட்டில் எத்தனை நாள் கிடக்குமோ. 1985-ல் கனடாவின் வான்கூவரில் ஓர் உணவகத்தில் இதே எண்ணெய்ப் பூண்டைக் குளிர்பெட்டியில் வைக்காமல் பயன்படுத்தினார்கள். 36 பேர் நோயில் விழுந்தார்கள். கண் இமை தொங்கும், பேச்சு குழறும், முற்றினால் மூச்சுவிடும் தசையே செயலிழக்கும்.

கார்த்தி: அம்மா வேண்டாம்

கௌரி அத்தை: கெட்டால் நாற்றம் வராதா?

தீபா: இதில் வராமலே இருக்கலாம்.

கௌரி அத்தை: ஜாடியைக் கொதிநீரில் வைத்து எடுத்தால்?

தீபா: 100 டிகிரியில் கிருமி சாகும், வித்து சாகாது. அதற்கு அழுத்தத்தில் 121 டிகிரி வரை போக வேண்டும். புளிப்பில்லாத காய்களை அழுத்தக் கலத்தில்தான் பதப்படுத்த வேண்டும் என்று அமெரிக்க வேளாண் துறை 1917-லேயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பழைய முறையையே அச்சடித்த புத்தகங்கள் உண்டு.

ரமா அத்தை: பக்கத்து ஓரத்தில் பென்சிலில் என்ன? அம்மா கையெழுத்து மாதிரி இருக்கிறது

கௌரி அத்தை: "1 பைண்ட் = நீல டம்ளர் 2½"

தீபா: பாருங்கள், பாட்டியே அச்சை அப்படியே நம்பவில்லை, அளந்திருக்கிறார். பைண்ட் இங்கிலாந்தில் 568 மில்லி, அமெரிக்காவில் 473. எந்த ஊர்ப் புத்தகம் என்று தெரியாமல் வினிகர் ஊற்றினால் புளிப்பே மாறிவிடும்.

ரமா அத்தை: நீல டம்ளரை யார் எடுத்தது?

செல்வம் பெரியப்பா: ஆரம்பித்துவிட்டாள்

ரமா அத்தை: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கௌரி அத்தை: அம்மா கொடுத்தது. எடுக்கவில்லை.

கார்த்தி: ஜாடி 60-ம் வந்து இறங்கிவிட்டது. என்ன செய்ய?

தீபா: ஆரஞ்சு ஜாம் போடலாம். புளிப்பும் சர்க்கரையும் காக்கும். அளவுக்கு இப்போது சோதித்துப் பார்த்த குறிப்பு ஒன்று அனுப்புகிறேன். புத்தகத்தில் மேலே மெழுகு ஊற்றி மூடச் சொல்லியிருந்தால் செய்யாதீர்கள். மெழுகு சுருங்கி ஓரத்தில் இடைவெளி விழும், பூஞ்சை வரும்.

செல்வம் பெரியப்பா: எனக்குச் சர்க்கரை வியாதி. மறந்துவிட்டீர்களா

கௌரி அத்தை: அண்ணா, அது வருகிறவர்களுக்கு.

கௌரி அத்தை: சரி தீபா, பூண்டை நிறுத்தியாச்சு. வீட்டுக்கு மட்டும் ஒரு ஜாடி?

தீபா: குளிர்பெட்டியில் வைத்து 4 நாள். அப்புறம் கொட்டிவிட வேண்டும்.

ரமா அத்தை: ஜாம் நான் கிளறுகிறேன். புத்தகத்தை எடுத்து வா.

கௌரி அத்தை: ஜாம் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புகிறேன்

ரமா அத்தை: புத்தகம்.

செல்வம் பெரியப்பா: வேன் எத்தனை மணிக்கு?