பிளாஸ்டிக் கிட்டார் மட்டும் ஏன் பழசாகவில்லை?

பரண்வாசி:
நியூ ஜெர்சியில் வீடு மாற்றும்போது ராக் பேண்ட் 2 பெட்டி கிடைத்தது. திரையில் வருவதைப் பார்த்துப் பாட்டோடு சேர்ந்து வாசிக்கும் வீடியோ கேம். கிட்டார், நாலு தட்டு வைத்த டிரம்ஸ், மைக், கூடவே பழைய பிஎஸ்3 கேம் கன்சோல். 2009ல் எம்.எஸ். படித்தபோது நாலு பேர் பங்கு போட்டு வாங்கியது. தூக்கிப் போடத்தான் எடுத்தேன். "ஒரு பாட்டு போட்டுப் பார்ப்போமே" என்றாள் மனைவி. இரவு ஒரு மணி வரை ஆடினோம். அவள் மைக், மகள் கிட்டார், நான் டிரம்ஸ். பாதிப் பாட்டை நாங்கள் கேட்டதே இல்லை!

அதே பெட்டியில் இருந்த கார் ரேஸ் கேமைப் பத்து நிமிடம் பார்க்க முடியவில்லை. இது மட்டும் எப்படி?

இன்னொன்று: புது டிவியில் சரியாக அடித்தாலும் தப்பு என்கிறது. கை போய்விட்டதா?

லேக்_வைத்தியர்:
கை போகவில்லை, டிவிதான். இந்தக் கால டிவி படத்தை மெருகேற்றிவிட்டுக் கொஞ்சம் தாமதமாகக் காட்டும். முதலில் டிவியில் 'கேம் மோட்' போடுங்கள். அப்புறம் விளையாட்டுக்குள் காலிப்ரேஷன், அதாவது டிவியின் தாமதத்தை அளந்து சரிக்கட்டுவது. ராக் பேண்ட் 2 கிட்டாரிலேயே வெளிச்சத்தை அறியும் சென்சாரும் குட்டி மைக்கும் உண்டு. டிவிக்கு நேரே பிடித்தால் அதுவே அளந்துகொள்ளும். சவுண்ட்பார் இருந்தால் கழற்றிவிடுங்கள். கிட்டாரை பிஎஸ்3யோடு இணைக்கும் யூஎஸ்பி டாங்கிளைத் தொலைத்துவிடாதீர்கள், அது இல்லாமல் கிட்டார் வெறும் பொம்மை.

மூன்றாம்தடவை:
ஏன் பழசாகவில்லை என்று கேட்டீர்களே, என் அனுபவத்தில் காரணம் ஓவர்டிரைவ்தான், பாட்டில் குறித்த இடங்களைத் தப்பில்லாமல் வாசித்தால் சேரும் சக்தி. எங்கள் அறையில் ஒருவன் பாடுவான். சுதி என்றால் என்ன என்றே தெரியாத ஆள். முதல் சரணத்திலேயே அவுட் ஆகிவிடுவான், பாட்டில் அவன் குரல் நின்றுபோகும். நான் ஓவர்டிரைவ் சேர்த்து வைத்திருந்தால் கிட்டாரைச் செங்குத்தாகத் தூக்க வேண்டும், அவன் திரும்ப உள்ளே வந்துவிடுவான். ஒரு பாட்டில் ஓர் ஆளை இரண்டு தடவைதான் காப்பாற்றலாம். அதனால் என் ஸ்கோருக்கு ஆசைப்பட்டுச் செலவழிப்பதா, இவனுக்காகப் பதுக்குவதா என்று ஒரு கண் எப்போதும் அவன் எவ்வளவு தாக்குப்பிடிப்பான் என்று காட்டும் மீட்டர் மேல் இருக்கும். பாட்டு முடிந்ததும் "ஏன்டா தூக்கல?" என்று சண்டை வேறு.

அது மட்டுமா, எவ்வளவு கடினம் என்பதை ஆளுக்கொரு நிலையில் வைத்துக்கொள்ளலாம். மகள் எக்ஸ்பர்ட், அப்பா ஈஸி, ஆனாலும் ஒரே பாட்டு. ரேஸ் கேமில் தெரியாதவன் கடைசியில் தனியாக ஓட்டிக்கொண்டிருப்பான்.

யாரும் அவுட்டே ஆகாதபடி 'நோ ஃபெயில்' என்று ஒன்று இருக்கும். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள்.

டொன்கா:
காப்பாற்றுவது எல்லாம் சரி, ஆனால் அது இல்லாமலும் இழுக்கும். நான் டோக்கியோவில் இருக்கிறேன். 'தைக்கோ நோ தத்சுஜின்' என்ற மேளம் அடிக்கும் கேம் இங்கே ஆர்கேடுக்கு (காசு போட்டு ஆடும் கேம் கூடம்) வந்தது 2001ல், இன்றைக்கும் கூட்டம் குறையவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மேளம். சிவப்பு வந்தால் நடுவில் அடி, நீலம் வந்தால் விளிம்பில். அவ்வளவுதான் விதி. சொந்தக் குச்சி கொண்டு வருகிறவர்கள் உண்டு. ஒருநாள் அப்படி ஒரு பள்ளிக்கூடப் பையன் பக்கத்து மேளத்துக்கு வந்தான். நான் திணறியதைப் பார்த்து அடுத்த பாட்டுக்குச் சுலபமானதாகத் தேர்ந்தெடுத்தான். பேசிக்கொள்ளவே இல்லை.

பரண்வாசி:
கிட்டாரை டிவிக்கு நேரே பிடித்தேன், சரியாகிவிட்டது. நேற்று மனைவி இரண்டு தடவை அவுட், இரண்டு தடவையும் மகள்தான் தூக்கினாள். மூன்றாவது தடவை நான் டிரம்ஸ் பெடலை மிதித்தபடி வேடிக்கை பார்த்தேன். கீழ் வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார். பெடலுக்கு அடியில் இப்போது யோகா மேட்.