உதவி: விண்டோஸும் ஆபிஸும் உரிமம் கேட்கின்றன. சின்ன டிடிபி கடைக்கு எதை வாங்குவது, எதை விடுவது?

திண்டுக்கல் டிடிபி:

எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் சின்னதாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பில் புக், அவ்வப்போது ஒரு கவிதைத் தொகுப்போ கோயில் மலரோ வரும். பொங்கல் சமயத்தில் புதிதாக ஒரு சிஸ்டம் அசெம்பிள் செய்து வாங்கினேன். விண்டோஸ் 11, ஆபிஸ், ஃபோட்டோஷாப், கோரல் டிரா எல்லாம் ஏற்றித்தான் கொடுத்தார்கள். பில்லில் மென்பொருளுக்கென்று ஒரு வரிகூட இல்லை.

ஆடி பிறந்ததிலிருந்து திரையின் வலது மூலையில் ‘ஆக்டிவேட் விண்டோஸ்’ என்று நிற்கிறது. வேர்டைத் திறந்தால் உரிமத்தில் சிக்கல் என்று மேலே ஒரு பட்டை. கொடுத்தவரைக் கேட்டால், “வந்து ஒரு ஃபைல் ஓட்டினால் சரியாகிவிடும், 800 ரூபாய்” என்கிறார். இணையத்தில் ‘ஒரிஜினல் கீ, ஆயுளுக்கும் செல்லும்’ என்று 500 ரூபாய்க்கு விற்கிறார்கள். அதை நம்பலாமா? எல்லாவற்றையும் முறைப்படி வாங்கக் கடை வருமானம் தாங்காது. எதைக் கட்டாயம் வாங்க வேண்டும், எதற்கு மாற்று இருக்கிறது?

இன்னொன்று. அப்பா காலத்துப் புத்தக ஃபைல்கள் எல்லாம் பழைய சிஸ்டத்தில், அடோபியின் பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் 7-இல் இருக்கின்றன. அந்த மென்பொருளின் சிடியும் பில்லும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மதுரை சர்வீஸ்:

பொங்கலுக்கு வாங்கி ஆடியில் கேட்கிறது என்றால் எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. முதலில் இதைப் பாருங்கள். ஸ்டார்ட்டில் சிஎம்டி என்று தேடித் திறந்து எஸ், எல், எம், ஜி, ஆர் என்று ஐந்து ஆங்கில எழுத்தையும் சேர்த்து அடியுங்கள். ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு போட்டு, டி, எல், ஐ அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பெட்டியில் ‘சேனல்’ என்ற சொல்லுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

திண்டுக்கல் டிடிபி:

பார்த்தேன் சார். ‘வால்யூம் கேஎம்எஸ் கிளையன்ட் சேனல்’ என்று இருக்கிறது.

மதுரை சர்வீஸ்:

நினைத்தது சரிதான். அது பெரிய நிறுவனங்களுக்கும் கல்லூரிகளுக்கும் மொத்தமாகக் கொடுக்கும் உரிம வகை. அங்கே உள்ளுக்குள் ஒரு சர்வர் இருக்கும், கம்ப்யூட்டர்கள் அதைத் தொடர்பு கொண்டு உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ளும். ஒருமுறை புதுப்பித்தால் 180 நாள் செல்லும். உங்களிடம் அப்படி ஒரு சர்வர் கிடையாது. போலியாக ஒன்றைக் காட்டி ஏமாற்றும் ஃபைலை ஓட்டியிருக்கிறார்கள். ஆறு மாதம் முடிந்ததும் அது வெளியே தெரிகிறது. இப்போது 800 ரூபாய் கொடுத்தால் தை மாதம் இதே பேச்சு திரும்ப வரும்.

அந்த ஃபைலை ஓட்டும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள், என்னை உறுத்துவது அதுதான். அதற்குள் வேறு என்ன இருக்கிறது என்று ஓட்டுகிறவருக்கே தெரியாது. ஹார்ட் டிஸ்க் முழுக்க ஃபைல்கள் பூட்டப்பட்டு, திறக்கப் பணம் கேட்கும் நிலையில் என்னிடம் வந்த சிஸ்டங்களில் இந்த மாதிரி ஃபைலைப் பார்த்திருக்கிறேன்.

500 ரூபாய் கீ பற்றி. விண்டோஸ் உரிமம் நம் கைக்கு வரும் வழிகள் சில உண்டு. கம்ப்யூட்டரோடு வருவது ஓஇஎம். அது முதலில் ஏறிய மதர்போர்டோடு முடிந்தது, வேறு கம்ப்யூட்டருக்கு மாற்ற முடியாது. ரீடெய்ல் என்பது நாமே விலை கொடுத்து வாங்குவது. பழைய சிஸ்டத்திலிருந்து எடுத்துவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம். மலிவாக விற்பவை பெரும்பாலும் எங்கோ கழித்த கம்ப்யூட்டரின் கீ, அல்லது யாரோ ஒரு நிறுவனத்தின் மொத்த உரிமத்திலிருந்து பிரித்துக் கொடுப்பது. இன்று ஆக்டிவேட் ஆகும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உங்களுக்கு உரிமம் வந்துவிட்டதாக அதற்கு அர்த்தமில்லை. மைக்ரோசாஃப்ட் எப்போது வேண்டுமானாலும் அந்தக் கீயை முடக்கலாம், விற்றவர் அதற்குள் காணாமல் போயிருப்பார்.

செலவைக் குறைக்க ஒரு நேர்வழி இருக்கிறது. அலுவலகங்களில் ஓட்டிக் கழித்த பிராண்டட் டெஸ்க்டாப்களை ரீஃபர்பிஷ்ட் என்று விற்கிறார்கள். அவற்றில் ஓஇஎம் கீ மதர்போர்டில் உள்ள பயாஸிலேயே பதிந்திருக்கும். இன்டெல் பிராசசர் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தையதோ பார்த்து வாங்கினால் விண்டோஸ் 11 முறைப்படி ஏறும்.

சிவகாசிப் பக்கம்:

தம்பி, இவர் சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் நம் நிலைமையையும் பார்க்க வேண்டும். எங்கள் பக்கம் அச்சுத் தொழிலில் உள்ளவர்கள் தொழில் கற்றதே கிராக் போட்ட, அதாவது உரிமப் பூட்டை உடைத்த கோரலிலும் ஃபோட்டோஷாப்பிலும்தான். ஒரு பத்திரிகைக்கு டிசைன் கூலி என்று என்ன நிற்கிறது? மாதா மாதம் வாடகை கட்டச் சொன்னால் எங்கே போவது? அடோபியின் ஃபோட்டோஷாப் 2012-இல் வந்த சிஎஸ்6 பதிப்பு வரை ஒருமுறை பணம் கொடுத்தால் நம்முடையது. 2013-இலிருந்து புதிய பதிப்பு எல்லாம் சந்தா மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். வாங்க நினைக்கிறவனுக்கும் வாங்க வழியில்லாமல் செய்ததில் எனக்குக் கோபம் உண்டு.

கணக்கு எழுதுபவர்:

அண்ணாச்சி கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் சட்டம் கடை வைத்திருப்பவரையும் வீட்டில் கற்றுக்கொள்பவரையும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று ஒரு பிரிவு. திருட்டு நகல் என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழில் லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் சிறையைத் தவிர்த்து 50,000-க்குள் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. கடைக்கு அந்தச் சலுகை கிடைக்காது.

வாங்கும்போது கடையின் பெயரில், ஜிஎஸ்டி எண்ணோடு பில் வாங்குங்கள். 18 சதவீத வரியை, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். சிறு வணிகர்கள் விற்பனையில் குறைந்த விகிதத்தில் வரி கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தால் அது கிடைக்காது. வருமான வரியில் கம்ப்யூட்டரும் அதன் மென்பொருளும் ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானப் பட்டியலில் வருகின்றன. இரண்டையும் கழித்துப் பார்த்தால் நீங்கள் பயப்படும் அளவுக்குத் தொகை நிற்காது.

‘இலவசம்’ என்று எழுதியிருப்பதையும் படித்துப் பாருங்கள். படம் பார்க்கும் இர்ஃபான்வியூ வீட்டுக்கு இலவசம், கடையில் பயன்படுத்தக் காசு. 7-ஜிப், விஎல்சி, எம்எஸ் ஆபிஸுக்கு மாற்றான லிப்ரே ஆபிஸ் எல்லாம் கடைக்கும் இலவசம். ஆபிஸ் வாங்குவதாக இருந்தால் ஹோம் அண்ட் பிசினஸ் 2024 என்ற பதிப்பு தொழிலுக்கானது. ஒருமுறை கட்டணம், ஒரு கம்ப்யூட்டருக்கு.

சென்னை டிசைனர்:

நான் அடோபிக்குச் சந்தா கட்டுகிறேன், அதற்காக வருத்தப்பட்டதில்லை. விளம்பர நிறுவனங்கள் அனுப்பும் ஃபைல் அடுக்கு குலையாமல் திறக்க வேண்டும், அதில்தான் என் வருமானம் இருக்கிறது. உங்கள் வேலை அப்படியா என்று முதலில் பாருங்கள் தம்பி. உங்களுக்கு முகூர்த்த மாதங்களில்தான் படவேலை குவியும் என்றால், ஆண்டுத் திட்டத்தில் மாட்டிக்கொள்ளாமல் மாதத் திட்டத்தை அந்த மாதங்களுக்கு மட்டும் எடுங்கள். மாத வாடகை கூடுதல்தான், ஆனால் நிறுத்தினால் அதோடு முடிந்தது. ஆண்டுக்கு ஒப்புக்கொண்டு மாதத் தவணை கட்டும் திட்டத்தில் 14 நாள் கழித்து விலகினால், மீதி மாதங்களுக்கான தொகையில் பாதியைப் பிடித்துக்கொள்வார்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், கவனம்.

படத்தில் பின்னணி நீக்குவது, நிறம் திருத்துவது மட்டும்தான் என்றால் கிம்ப் 3 என்ற இலவச மென்பொருள் போதும், 2025 மார்ச்சில் வந்தது. அச்சுக்கான நான்கு நிற முறையான சிஎம்ஒய்கே நிறத்திலேயே வேலை செய்ய வேண்டுமானால் கிரிட்டா பாருங்கள், ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலையும் திறக்கும்.

யாழ் தட்டச்சு:

வணக்கம் அண்ணை. யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். நாங்களும் இஞ்சை கனகாலமா பேஜ்மேக்கரும் பாமினி எண்ட தமிழ் எழுத்துருவுமாத்தான் வேலை செய்தனாங்கள். மென்பொருளின்ர உரிமத்தைப் பற்றி எல்லாரும் சொல்லினம், எழுத்துருவையும் யோசியுங்கோ. பாமினியில ‘தமிழ்’ எண்டு தெரியிறது ஃபைலுக்குள்ள உண்மையில ஜே, கே, பி, ஓ எண்ட ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியும்தான். எழுத்துரு இல்லாத கணினியில திறந்தால் அதுதான் தெரியும். நீங்கள் என்ன மென்பொருளைக் காசு குடுத்து வாங்கினாலும், முதல்ல யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினியும் தமிழெண்டே விளங்கிக்கொள்ளுற முறைக்கு மாத்தாட்டில் பழைய புத்தகத்தில ஒரு சொல்லையும் தேட ஏலாது. என்எச்எம் கன்வெர்ட்டர் பாவிச்சுப் பாருங்கோ, இலவசம்.

புத்தக வடிவமைப்பாளர்:

யாழ் நண்பர் தொட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன், ஏனென்றால் இந்த இழையில் விலை பற்றியே அதிகம் பேசியாகிவிட்டது. புத்தக வேலை செய்கிறவனாக நான் ஒரு மென்பொருளை மதிப்பிடும்போது கேட்கும் கேள்வி: இன்று செய்த ஃபைலை, இந்த நிறுவனத்தின் தயவு இல்லாமல், ஆசிரியர் மறுபதிப்பு கேட்டு வரும் நாளில் என்னால் திறக்க முடியுமா?

உங்கள் பேஜ்மேக்கரையே எடுத்துக்கொள்வோம். 7 தான் கடைசிப் பதிப்பு, 2001-இல் வந்தது. அதற்குச் சீரியல் எண் அடித்தால் போதும், இணையத்தில் யாரையும் கேட்காது. அதனால்தான் அப்பா வாங்கிய சிடி இன்றும் உங்களுக்கு வேலை செய்கிறது. பின்னால் வந்த அடோபி மென்பொருள்களின் சிஎஸ்2, சிஎஸ்3 பதிப்புகளை முழு விலை கொடுத்து வாங்கியவர்களுக்கு அந்த நிம்மதி இல்லை. அவற்றை அனுமதிக்கும் சர்வர்களை அடோபி பிறகு மூடிவிட்டது. பேஜ்மேக்கரின் இடத்தில் அடோபி கொண்டுவந்த இன்டிசைன் சிஎஸ்6 வரை பேஜ்மேக்கர் ஃபைலைத் திறந்தது, சந்தாவாக வந்த பதிப்புகள் திறப்பதில்லை. அதாவது இன்று நீங்கள் ஒழுங்காகச் சந்தா கட்டினாலும் அப்பாவின் புத்தகங்கள் அதில் திறக்காது!

திறக்கும் மென்பொருள் எது தெரியுமா? லிப்ரே ஆபிஸில் உள்ள டிரா. 2015-இல் வந்த 4.4 பதிப்பிலிருந்து பேஜ்மேக்கர் ஃபைலைப் படிக்கிறது. கோரல் ஃபைலையும் ஓரளவு படிக்கும், கோரல் போல வரைய உதவும் இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பும் அப்படியே. பக்க அமைப்பு அப்படியே வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். உரையை வெளியே எடுக்கலாம், அதுதான் பொக்கிஷம். விற்ற நிறுவனமே கைவிட்ட கோப்பு வடிவத்தைத் தன்னார்வலர்கள் உட்கார்ந்து பிரித்து, எல்லோரும் பயன்படுத்தக் கொடுத்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் நன்கொடை கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து.

புது வேலைக்கு ஸ்க்ரைபஸ் 1.6 என்ற இலவசப் பக்க வடிவமைப்பு மென்பொருளைப் பாருங்கள். 2024 ஜனவரியில் வந்தது. பழைய 1.4-இல் தமிழ் உடைந்து கிடந்ததைப் பார்த்துவிட்டுப் பலர் விலகிப் போனார்கள். இப்போது கொம்பு, கால் எல்லாம் இடத்தில் உட்காருகின்றன. எழுத்துருவுக்கு நோட்டோ, முக்தா மலர், கேட்டமரன், மீரா இனிமை போன்றவை திறந்த உரிமத்தில் உள்ளன. அச்சுப் புத்தகத்தில் தாராளமாகப் பயன்படுத்தலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அஃபினிட்டி என்ற வடிவமைப்பு மென்பொருளை 2025 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டார்கள் என்று பலர் பரிந்துரைப்பார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் இரண்டாம் பதிப்பு வரை தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்டத் தெரியாது. நிறுவியதும் ‘கொக்கு’ என்று அடித்து, கொம்பும் காலும் சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு மற்றதை யோசியுங்கள். அங்கே விலைதான் பூஜ்யம், உரிமம் இன்னமும் ஒரு நிறுவனத்தின் கையில் இருக்கிறது.

சிவகாசிப் பக்கம்:

பேஜ்மேக்கர் ஃபைல் டிராவில் திறக்கும் என்பது எனக்குப் புதுச் செய்தி. இன்றைக்கே பார்க்கிறேன். நன்றி ஐயா.

திண்டுக்கல் டிடிபி:

எல்லோருக்கும் நன்றி. செய்தது வரைக்கும் சொல்கிறேன். சிஸ்டத்தை முழுக்க அழித்து, ரீடெய்ல் விண்டோஸ் வாங்கி ஏற்றிவிட்டேன், கடை பெயரில் பில் இருக்கிறது. ஆபிஸ் வாங்கவில்லை, லிப்ரே ஆபிஸ் போதுமாக இருக்கிறது. பேஜ்மேக்கர் உள்ள பழைய சிஸ்டத்தை இணையத் தொடர்பை எடுத்துவிட்டு அப்படியே வைத்திருக்கிறேன். அப்பா செய்த ஒரு கோயில் மலரை டிராவில் திறந்து, உரையை எடுத்து, யூனிகோடுக்கு மாற்றினேன். ஒற்றைக் கொம்பு இரட்டைக் கொம்பு சில இடங்களில் தவறியிருக்கிறது, ஒருமுறை மெய்ப்புப் பார்த்தால் சரியாகிவிடும். கோரலுக்கு மட்டும் என்ன செய்வதென்று இன்னும் முடிவெடுக்கவில்லை. வரும் முகூர்த்தம் முடியும் வரை இங்க்ஸ்கேப்பில் பழகிப் பார்க்கிறேன்.

ஒரு சந்தேகம். ஸ்க்ரைபஸில் செய்ததை அச்சுக்குப் பிளேட் போடும் இடத்தில் வாங்குவார்களா? அவர்கள் கோரல் ஃபைல்தான் கேட்பார்கள்.

புத்தக வடிவமைப்பாளர்:

பிடிஎஃப் வாங்காத சிடிபி சென்டர் (கம்ப்யூட்டரிலிருந்து நேரடியாகப் பிளேட் போடும் இடம்) இப்போது அரிது. ஏற்றுமதி செய்யும்போது பிடிஎஃப்/எக்ஸ்-1ஏ என்ற அச்சுக்கான வகையைத் தேர்ந்தெடுங்கள், நிறம் சிஎம்ஒய்கேயாகப் போகும், எழுத்துருவும் உள்ளேயே பதியும். அந்த வகை பட்டியலில் தெரியாவிட்டால், விருப்பங்களில் கலர் மேனேஜ்மென்ட் அணைந்திருக்கிறது என்று அர்த்தம். அதை இயக்கினால் வந்துவிடும். வெட்டுக்குச் சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் விடுங்கள், அதாவது பின்னணி நிறமோ படமோ வெட்டுக்கோட்டுக்கு வெளியேயும் அவ்வளவு நீளட்டும். முதல் வேலைக்கு ஒரு பக்க நோட்டீஸை அனுப்பி, பிளேட் போடுமுன் அவர்கள் திரையில் தமிழ் எப்படித் தெரிகிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.