மாடா, கார்ப் புகையா? கயோட்டி ரிட்ஜ் புல்வெளியைக் கெடுத்தது எது?

கருவேலன்:
கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயை ஒட்டிய கயோட்டி ரிட்ஜில், மேய்ச்சலை நிறுத்திய இடங்களை இத்தாலிய ரை என்ற அயல் புல் சில ஆண்டுகளிலேயே மூடிவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம், மாடு மேய்ந்த நிலத்தில் காட்டுப்பூக்கள் அப்படியே இருந்தன. இரண்டு பக்கமும் ஒரே காற்றுதானே? புகை மீது ஏன் பழி?

வேர்முடிச்சு:
மண்ணைப் பாருங்கள் சார். அங்கே இருப்பது செர்பன்டைன் என்ற பாறையிலிருந்து உண்டான மண். அதில் மக்னீசியம் அதிகம், கால்சியம் குறைவு, நைட்ரஜனோ பரம ஏழை. அந்தப் பட்டினிதான் ரை புல்லை அண்டவிடாமல் வைத்திருந்தது. அதே கலிஃபோர்னியாவின் ஜாஸ்பர் ரிட்ஜில் இதே வகை மண்ணில் உரம் போட்டுப் பார்த்தார்கள் (1990இல் வெளியான ஆய்வு). இரண்டே ஆண்டில் பூச்செடி இருந்த இடத்தை அயல் புல் பிடித்தது. கயோட்டி ரிட்ஜில் அந்த உரத்தைக் கார்ப் புகை கலந்த காற்றே போடுகிறது: ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 10–15 கிலோ நைட்ரஜன்.

இலைச்சருகு:
காரின் புகைக்குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கேடலிடிக் கன்வெர்ட்டர் வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடு குறைந்துவிட்டதே?

வேர்முடிச்சு:
குறைந்தது. ஆனால் எஞ்சினுக்குள் போகும் கலவையில் காற்றைவிடப் பெட்ரோலின் பங்கு கொஞ்சம் கூடிப்போனால், அதே கன்வெர்ட்டர் ஆக்சைடை அம்மோனியா வரை இழுத்துவிடும். அம்மோனியா தூரம் போகாது, சாலையோரத்திலேயே படியும். 280ஆம் நெடுஞ்சாலை உரசிப்போகும் எட்ஜ்வுட் பூங்காவில் செக்கர்ஸ்பாட் பட்டாம்பூச்சி அற்றுப்போனது சும்மா இல்லை. அதன் புழு தின்னும் பிளாண்டாகோ செடி நம் இசப்கோலின் ஒன்றுவிட்ட தம்பி, விரல் உயரம்தான். ரை புல் நிழலில் எழும்பவே எழும்பாது.

கருவேலன்:
சரி, அப்போதும் மருந்து மாடுதானே? மேய்ந்தால் நைட்ரஜனும் வெளியே போகிறது.

வேர்முடிச்சு:
கணக்குப் போடுங்கள். 4 ஹெக்டேருக்கு ஒரு பசுவும் கன்றும், ஒரு பருவத்தில் இரண்டும் சேர்ந்து 150 கிலோ ஏறட்டும். உடலில் நைட்ரஜன் 2.5 சதவீதம் என்றால் 4 கிலோகூட இல்லை. ஹெக்டேருக்கு ஒரு கிலோ. மிச்சம் சாணமும் மூத்திரமுமாக அங்கேயே விழுகிறது. மாடு புல்லின் உயரத்தையும் சருகையும்தான் குறைக்கிறது, உரத்தை அல்ல. ஓர் ஆண்டு மாட்டை எடுத்தால் புல் திரும்பிவிடும்.

கருவேலன்:
எட்ஜ்வுட்டில் மாடே விடவில்லையே, புல்லை எந்திரத்தால் வெட்டித்தானே சமாளித்தார்கள்?

வேர்முடிச்சு:
ஆமாம், அதற்கும் நாள் பார்க்க வேண்டும். பிளாண்டாகோ விதை கொட்டியிருக்க வேண்டும், ரை புல் கதிர் விட்டும் மணி முற்றியிருக்கக் கூடாது. ஏப்ரல் கடைசி வாக்கில். முந்தினால் பூச்செடி போச்சு. பிந்தினால் எந்திரமே ரை விதையைத் தூவிவிட்டுப் போகும்.

கருவேலன்:
அப்படியானால் கார் ஓடும்வரை ஆண்டுதோறும் வெட்டு. அதற்கு மாடே மலிவு, நான் மாறவில்லை.