மார்ட்கேஜ்: செத்தது எது?

கரிகாலன்: நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்குவதைக் குறிக்கும் மார்ட்கேஜ் பழைய பிரெஞ்சுச் சொல். மோர்ட் என்றால் செத்தது, காஜ் என்றால் பிணை. 15ஆம் நூற்றாண்டு ஆங்கில நீதிபதி தாமஸ் லிட்டில்டன் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கடன் வாங்கியவர் குறித்த நாளில் கட்டத் தவறினால் நிலம் அவருக்குச் செத்தது, கட்டிவிட்டால் பிணை கடன் கொடுத்தவருக்குச் செத்தது. 1628இல் ஆங்கிலச் சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் இதற்கு உரையே எழுதினார். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

செந்தாமரை: நிறைய இருக்கிறது. லிட்டில்டனுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே, கிளான்வில் பெயரால் வழங்கும் இங்கிலாந்தின் லத்தீன் சட்டநூல் வேறு காரணம் சொல்கிறது. நிலத்தின் விளைச்சல் கடனில் கழிந்துகொண்டே வந்தால் அது உயிருள்ள பிணை. விளைச்சலைக் கடன் கொடுத்தவர் அள்ளிக்கொள்ள, அசல் அப்படியே நின்றால் செத்த பிணை. நிலத்தைக் கடன் கொடுத்தவர் கையில் விடும் நம் ஊர் ஒத்தியும் இப்படித்தானே! விளைச்சல் வட்டிக்குப் போகும், அசலில் ஒரு காசு குறையாது.

மணிமாறன்: இடையில் ஒரு சேதி. பிரெஞ்சு என்பது பாதி வழிதான். காஜ் என்பதே பிராங்கியர் என்ற ஜெர்மானிய இனத்தாரின் சொல்லிலிருந்து பிரெஞ்சுக்குப் போனது. ஆங்கிலத்தில் கூலியைக் குறிக்கும் வேஜ், மணம் முடித்தலைக் குறிக்கும் வெட் இரண்டும் அதன் உறவுகள்.

கரிகாலன்: நல்ல தகவல், ஆனால் என் கேள்விக்குப் பதில் இல்லை. செந்தாமரை, கிளான்வில் நூலும் வழக்கில் இருந்த சொல்லுக்குப் பின்னால் எழுதிய விளக்கம்தான். அதை மட்டும் ஏன் நம்ப வேண்டும்? லிட்டில்டன் கண்ட மார்ட்கேஜ் நிபந்தனையோடு நிலத்தையே எழுதிக்கொடுப்பது. அதுதான் பல நூற்றாண்டு நிலைத்தது.

செந்தாமரை: நிலைத்ததா? 17ஆம் நூற்றாண்டில், நியாயம் பார்த்துத் தீர்ப்பளிக்கும் இங்கிலாந்தின் சான்சரி நீதிமன்றம், நாள் கடந்த பிறகும் பணம் கட்டி நிலத்தை மீட்கலாம் என்றது. லிட்டில்டன் செத்தது என்ற நிலம் அங்கே உயிரோடு திரும்பியது! நான் கிளான்வில் நூலை நம்புவது அதன் வயதுக்காக மட்டுமல்ல, நடைமுறை அதோடு பொருந்துவதால். பிரான்சின் வடக்கே நார்மண்டியின் கிறிஸ்தவ மடங்கள் இப்படித்தான் கடனுக்கு நிலம் பிடித்து விளைச்சலை எடுத்தன. அது மறைமுக வட்டி என்பதால் 1163இல் பிரான்சின் தூர் நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் குருமாருக்கு அதைத் தடைசெய்தது. கிளான்வில் நூலும் அதை வட்டித்தொழில் என்றே கண்டிக்கிறது. நாள் தவறியதைப் பற்றி அந்தத் தடையில் பேச்சே இல்லை, ஐயா. சண்டை முழுவதும் விளைச்சலைப் பற்றித்தான்.