ஒரு சட்டச் சொல்லுக்குத் தமிழ் வேண்டும், உதவுங்கள்

வணக்கம். அமெரிக்காவின் 1798 எதிரிநாட்டு அந்நியர் சட்டத்தைத் தமிழில் விளக்கும் கையேட்டில் ஒரு சொல் இழுபறியாக இருக்கிறது. போர் அறிவிப்பு, படையெடுப்பு, 'பிரிடேட்டரி இன்கர்ஷன்' ஆகியவற்றில் ஒன்றாவது இருந்தால்தான், அல்லது பின்னிரண்டின் மிரட்டலாவது இருந்தால்தான், அதிபர் 14 வயது நிரம்பிய, குடியுரிமை பெறாத எதிரிநாட்டவரைப் பிடித்து வெளியேற்றலாம். அதுவும் இன்னொரு நாடோ அரசோ செய்ததாக இருக்க வேண்டும். மூன்றாவதை 'ஊடுருவல்' என்று எழுதினால், எல்லை தாண்டி வந்த எல்லாருமே அதற்குள் வந்துவிடுவார்கள். அது பெரிய அநியாயம். வெட்சிப் போர்போல, கொள்ளையடிக்கப் படையாகப் புகுவதே அதன் பொருள். 'சூறைப் படைநுழைவு' சரியா?

ஆட்கொணர்வு மனு பற்றிய பகுதியை வழக்கறிஞர் யாராவது சரிபார்த்தால் நன்று. ஆளை அடைத்து வைத்திருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நீதிமன்றத்திலேயே மனுப் போட வேண்டும் என்றது 2025 ஏப்ரல் அமெரிக்க உச்ச நீதிமன்ற உத்தரவு. வேறு மாவட்டத்தில் போட்டால் மனு நிற்காது.